வழிமாற்று

சேந்தாந்த்ரே மருந்துக்கடையில்
எனக்கு இரவுப் பணி.
பெட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டி முடித்தால்
கலைக்களஞ்சியத்தில் பெயர் திருத்துவேன்.

ஊர்ப்பெயரே இன்னும் தீரவில்லை.
காதில் விழுகிறபடி சேந்தாந்த்ரே என்கிறேன் நான்.
புனித அந்திரேயா என்கிறார் சேலத்துச் செங்கதிர்வாணர்.
செயின்ட் ஆன்ட்ரூ என்று மாற்றிவிட்டு ஓடியவருக்குப்
பெயர்கூட இல்லை, வெறும் எண்கள்.

தீவுக்கு நடந்தது தனிப் போர்.
ரகரம் சொல்லுக்கு முதலில் வராதாம்.
ஓர் இகரத்தைக் காவலுக்கு நிறுத்தி
இரெயூனியன் என்றார் செங்கதிர்.
பாரிசுப் புறநகரிலிருந்து குலவீரசிங்கம்
றெயூனியோன் என்று வல்லினம் போட்டார்.
பேச்சுப் பக்கம் பதினேழு திரை நீண்டது.
சன்னலுக்கு வெளியே தீவு
யார் கூப்பிட்டதற்கும் திரும்பாமல்
கரும்புச் சக்கை வாசனையோடு கிடந்தது.

இந்த வாரம் ஒரு கால்பந்து நடுவர்.
முதற்பெயரின் தொடக்கத்தில் ஒன்று,
குடும்பப் பெயரின் நடுவில் ஒன்று,
தலையில் புள்ளி வைத்த தூண்டில்முள் மாதிரி
ஒரே பிரெஞ்சு எழுத்து.
ஜான் பஜானியே என்று யாரோ தொடங்கியிருந்தார்கள்.
கிரந்தம் களைந்து சான் பசானியே ஆக்கினார் செங்கதிர்.
பசையா, பசியா என்று ஒருவர் சிரித்துவைத்தார்.
அந்த ஒலிக்கு நாங்கள் ழகரம்தான் எழுதுவோம்,
ழான், ழாக், ழூலி, என்றார் குலவீரசிங்கம்.
ழகரமும் முதலில் வராது.
வராததெல்லாம் வந்து இறங்கிய இடம் ஐயா அது.

இருமல் மருந்துக்கு நின்றவரைக்
கொஞ்சம் காக்க வைத்துவிட்டேன்.
முதற்பெயரில் ழ என்றால்
குடும்பப் பெயரில் ஏன் இல்லை?
விதி ஒன்றுதானே.
போட்டுப் பார்த்தேன்: பழானியே.
விதியைப் பின்பற்றியதைத் தவிர
நான் எதுவும் செய்யவில்லை.
திரையில் பழனி வந்து நின்றது.

பழனியாயி.
கப்பலிறங்கியவள் சொன்ன ழகரத்தைக்
குமாஸ்தா தன் காதால் கேட்டுத்
தன் தூண்டில்முள்ளில் மாட்டியிருக்கிறான்.
தகப்பன் பெயருக்கான கட்டம் காலியாயிருக்க
அவள் பெயரே பிள்ளைக்கும்
பிள்ளையின் பிள்ளைக்கும்.

இது ஊகம். ஊகத்துக்கு இங்கே இடமில்லை.
சான்று தேவை என்று நானே போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடுவரைப் பிடித்தேன்.
முழங்காலில் சேறு.
மருந்துச்சீட்டின் பின்புறம் மூன்றையும் எழுதிக் காட்ட,
தமிழ் வாசிக்கத் தெரியாது என்றார் கிரியோலில்.
ஜ-வைப் பார்த்தார். ச-வைப் பார்த்தார்.
ழ-வின் மேல் விரலை வைத்து
கயிற்றோடு தொங்கும் விசில் போலிருக்கே என்றார்.
பழனியாயியைப் பற்றிச் சொன்னேன்.
எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையே.
பிறகு,
இருந்திருப்பாள். இல்லாவிட்டால் நான் யார்?
அடுத்த ஆட்டத்துக்கு ஊதப் போய்விட்டார்.

விசில் ஜாடை சான்றாகாது.
ஆனாலும் முடிந்தது: ழான் பழானியே.
இலக்கணப்படி பிழை, நடுவர் தீர்ப்பாதலால் விடுகிறேன்
என்று ஒப்பமிட்டார் செங்கதிர்.
தீவின் தலையில் மட்டும்
இரவோடிரவாக இகரத்தைத் திரும்ப ஏற்றியிருந்தார்.
பஜானியே, பசானியே
இரண்டுக்கும் வழிமாற்று வைத்தேன்.
எந்த எழுத்தைப் பிடித்து யார் வந்தாலும்
ஒரே வாசலில் இறங்குவார்கள்.

விடியலில், பணி மாறுவதற்கு முன்,
பழனியாயி என்று தட்டினேன்.
இத்தலைப்பில் பக்கம் இல்லை.
நீங்கள் தொடங்கலாம்.

சான்று கேட்டால் எதைத் தருவது?
ஒரு பெயர்ச்சீட்டை உரித்தேன்.
பெயருக்கான கோட்டில் அவளை எழுதினேன்.
காலை, மதியம், இரவு என்ற கட்டங்களைத் தொடவில்லை.
எந்தப் பெட்டியிலும் ஒட்டாமல்
விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.